இரண்டாவது கிட்டார்

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் அத்தான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கண்ணாடிக் காம்பின் மேல் ஹெட்போன் அழுத்தினால் இரண்டாவது பாட்டுக்குள் தலைவலி வந்துவிடுமாம். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கண்களைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர் போல நிமிர்ந்து உட்காருவார். எதிர் சோபாவில் மருந்துக்கடைக்காரரும் டீச்சரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான்கு நிமிடத்துக்கு அறையில் ஒரு சத்தமும் இருக்காது. பாட்டு முடிந்ததும் ஹெட்போன் டீச்சருக்குப் போகும். அதே பாட்டு மறுபடி முதலிலிருந்து. இப்போது ஆண்கள் இருவரும் டீச்சரின் முகத்தைப் பார்ப்பார்கள். தெருவில் போகிறவர்கள் யாராவது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே மூன்று பேருக்கு முறை வைத்து ஏதோ வைத்தியம் நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களில் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். முன்னறை ஜன்னலோரம் என் தையல் மெஷின். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அத்தானின் நாற்காலி. துணி கொடுக்க வருகிறவர்களிடம் அளவு கேட்கக்கூட எனக்கு வாய் வராது. டேப்பை எடுத்துக் காட்டுவேன். அதனால் சனிக்கிழமை மாலைகளில் நான் அந்த அறையில் இருப்பதை மூன்று பேருமே மறந்துவிடுவார்கள். நான் ஜிப் மாற்றுவேன், ஓரம் மடிப்பேன், கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர்கள் கேட்பதற்கு இண்டி ராக் என்று பெயர். பெரிய கம்பெனி யாரும் பின்னால் இல்லாமல், நாலு பேர் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஒரு கார் கொட்டகையில் தாங்களே பாடி, தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிற பாட்டு என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். சரிதானா என்று யாரிடமும் கேட்டதில்லை. குழுக்களின் பெயர்களே எனக்குத் திகைப்பாக இருக்கும். அத்தான் உயிரை விடுகிற குழுவின் பெயர் ‘உப்புத்தாள்’. கதவுக்குச் சாயம் பூசும் முன் தேய்ப்பார்களே, அந்தத் தாள். அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் ‘காயாத சட்டை’. காதலைப் பற்றியோ கண்ணீரைப் பற்றியோ வைக்க ஒரு பெயர் கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொள்வேன்.

யாருக்கும் தெரியாத குழுவாக இருப்பதுதான் அவர்களுக்குப் பெருமை. ஒருநாள் அத்தான் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கா பதறிவிட்டாள். விஷயம் இதுதான்: பேருந்தில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் உப்புத்தாள் பனியன் போட்டிருந்தாளாம்.

“முடிஞ்சுது போ. இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சுடும்” என்றார்.

“தெரிஞ்சா நல்லதுதானேங்க? அவங்களும் நாலு காசு பாப்பாங்க” என்றாள் அக்கா.

“உனக்குப் புரியாது.”

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் புரியவில்லை.

அத்தானின் பிழைப்பும் காதுதான். தண்ணீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிற வேலை. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதன் மேல் முனையில் உள்ளங்கை அளவு மரக்கிண்ணம். விடிவதற்குள், வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன், தெருத் தெருவாகப் போய்க் கம்பியைச் சாலையில் ஊன்றி, கிண்ணத்தில் வலது காதை வைத்து, பூமிக்கு அடியில் ஓடும் குழாயைக் கேட்பார். அலுவலகத்தில் அவரை ‘ஸ்டெத்’ என்று கூப்பிடுகிறார்கள். “ஒழுங்கா ஓடற தண்ணி பேசாது பாப்பா. ஒழுகற தண்ணிதான் ஓயாம புலம்பும்” என்று என்னிடம் சொல்வார். கசிவுகளைக்கூட அவர் ஆல்பம் மாதிரிதான் தரம் பிரிப்பார். “இன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல ஒண்ணு. ரெண்டாவது ஆல்பம் மாதிரி. மொதல்ல ஒண்ணுமே புரியல. நாலு தடவ கேட்டப்புறம்தான் பிடி குடுத்துச்சு.” அவர் சுண்ணாம்பால் வட்டம் போட்ட இடத்தில் தோண்டித் தண்ணீர் வராமல் போனதே இல்லை என்று மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வார், தான் போட்ட வட்டம் மாதிரி.

இருவரும் இருபத்திரண்டு வருட நண்பர்கள். ஓர் இசைத்தட்டுக் கடையில் ‘காயாத சட்டை’யின் கடைசிப் பிரதி ஒன்றின் இரண்டு ஓரங்களையும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டார்களாம். விட மனமில்லாமல் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கி, மாதம் ஒரு வீடு என்று வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் நிலைப்படியில் குனிந்து வருகிற உயரம். டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர், வயதில் இளையவர், ஏழு வருடத்துக்கு முன் ஒரு கச்சேரி வரிசையில் இவர்களோடு ஒட்டிக்கொண்டவர்.

கச்சேரி என்றதும் நினைவுக்கு வருகிறது: இவர்கள் நல்ல கச்சேரிகளைவிடக் கெட்ட கச்சேரிகளைப் பற்றித்தான் ஆசையாகப் பேசுவார்கள்.

“எட்டு மணி நேரம் பஸ்ல போனேன். இருபத்தியொரு நிமிஷம் பாடினான். ஜலதோஷமாம். மூக்கச் சிந்திட்டுப் போயிட்டான்” என்பார் டீச்சர்.

“அந்தக் கைக்குட்டையையாவது கேட்டு வாங்கி இருக்கலாம்ல?” என்பார் அத்தான்.

“போங்கண்ணா. டிக்கெட்டுக்கு நகைய வச்சேன்.”

“நான் போனது அதவிட மோசம்” என்று மருந்துக்கடைக்காரர் முன்னால் சாய்வார். “ரெண்டு மணி நேரமும் புதுப் பாட்டு. வெளியவே வராத பாட்டு. ஒருத்தனுக்கும் ஒரு வரி தெரியாது. எல்லாரும் பரீட்சை ஹால்ல நிக்கற மாதிரி நின்னோம்.”

நல்ல கச்சேரி என்று அத்தான் எப்போதும் சொல்வது ஒன்றே ஒன்று. கூடத்தில் முப்பத்தோரு பேர். உப்புத்தாளின் இரண்டாவது கிட்டார் வாசிக்கும் பெண்ணுக்குப் பாதியில் தந்தி அறுந்துவிட்டது. அவர் மேடையின் ஓரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆறு நிமிடம் புதுத் தந்தி மாற்றினாராம். யாரும் விசிலடிக்கவில்லை, பேசவில்லை. “அந்த ஆறு நிமிஷம்தான்டா கச்சேரி” என்பார் அத்தான். மருந்துக்கடைக்காரர் கண்களை மூடித் தலையாட்டுவார். பாட்டே இல்லாத ஆறு நிமிடம் எப்படிப் பாட்டைவிட நன்றாக இருக்க முடியும் என்று எனக்குக் குழப்பமாகவே இருக்கும்.

இத்தனை வருடமும் ஸ்பீக்கரில்தான் கேட்டார்கள். போன வருடக் கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பிறந்தது. தாய்க்காரி வாசலில் வந்து நின்று அழுதுவிட்டாள். அன்றோடு ஸ்பீக்கருக்குத் தடை. அத்தான் ஒரு ஹெட்போன் வாங்கி வந்தார். ஆளுக்கொன்று வாங்கினால் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு, “தனித்தனியா கேக்கறதுக்கு அவங்கவங்க வீட்டுலயே கேக்கலாமே” என்றார். அப்படித்தான் அந்த முறை வைத்தியம் ஆரம்பித்தது.

சரியாக அந்தச் சமயத்தில் ‘காயாத சட்டை’ புதுப் பதிப்பாக சிடியில் வந்தது. இருபது வருடங்களுக்கு மேலான பழைய பதிவைத் தூசு தட்டி, சுத்தம் செய்து வெளியிட்டிருந்தார்கள். முதல் சனிக்கிழமை அத்தான்தான் முதலில் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. பாட்டு முடியும் முன்பே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“ரெண்டாவது கிட்டார எடுத்துட்டானுங்க.”

மருந்துக்கடைக்காரர் வாங்கிக் கேட்டார். “இருக்கேப்பா.”

டீச்சர் கேட்டார். “இருக்குண்ணா. நல்லாவே இருக்கு.”

அத்தான் மறுபடி மாட்டிக்கொண்டார். “எங்க? எங்க இருக்கு? வர்றப்ப கைய தூக்குங்க.” ஹெட்போன் அவர் காதில் இருக்கும்போது அவர்களுக்குக் கேட்காது; அவர்கள் காதில் இருக்கும்போது இவருக்குக் கேட்காது. டீச்சர் மனதுக்குள் எண்ணிக்கொண்டு உத்தேசமாகக் கையைத் தூக்கினார். கண்ணாடி இல்லாததால் அத்தானுக்குக் கையும் தெரியவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் காதால கேக்கல. ஞாபகத்தால கேக்கறீங்க” என்றார் அத்தான். “இருபது வருஷமா கேட்ட பாட்டு. அங்க கிட்டார் இல்லன்னாலும் உங்க மூளை அதுவா போட்டு நிரப்பிக்குது. நான் தொழில்காரன். இருக்கறத மட்டும்தான் கேப்பேன்.”

அவர் இதைச் சொன்ன விதத்தில் டீச்சரே ஆடிப்போய்விட்டார். இன்னொரு முறை கேட்டுவிட்டு, “இப்ப எனக்கும் சந்தேகமா இருக்கே” என்றார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டார் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போன அரை மணி நேரத்தில் அத்தான் பழைய இசைத்தட்டை ஸ்பீக்கரில் போட்டார். அதில் கிட்டார் இருந்தது. அவர் மேசையைத் தட்டினார். “பழசுல இருக்கு, புதுசுல இல்ல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?” எனக்கே அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது.

உப்புத்தாள் பல வருடம் பிரிந்திருந்து மறுபடி சேர்ந்து எங்கள் ஊருக்கு வந்தது அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான். அக்காவுக்கு வாங்கிய டிக்கெட்டில் அக்கா வரமாட்டேன் என்றதால் நான் போனேன். பழைய கிடங்கு ஒன்றில் கச்சேரி. யாரும் ஆடவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு, ஏதோ ஒரு விஷயத்துக்குச் சம்மதம் தெரிவிப்பவர்கள் போலத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தான் தம் வழக்கப்படி வலது சுவரோரம் சாய்ந்து நின்றார். இரண்டாவது கிட்டார் வாசிக்கும் அந்தப் பெண் மேடையின் இடது கோடியில். நரைத்த குட்டை முடி, தோள் தொங்கிய சட்டை. என் நெஞ்செலும்பு அதிர்கிற சத்தம். அதில் எது முதல் கிட்டார், எது இரண்டாவது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முடிந்தபிறகு குழுவினரே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து பனியன் விற்றார்கள். அத்தான் நேராக அந்த அம்மாவிடம் போனார். “நீங்க இன்னிக்கு வாசிக்கவே இல்ல. வாசிக்கற மாதிரி கைய ஆட்டினீங்க. உங்களுக்காகத்தான் இருபது வருஷமா கேக்கறேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அழப்போகிறவர் மாதிரி சொன்னார். அந்த அம்மா தம் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். மடித்துக்கொண்டிருந்த பனியனை மறுபடி பிரித்தார். மருந்துக்கடைக்காரர் அத்தானின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாசலில் வைத்தே சொன்னார்: “அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி எழுது. எழுதறவரைக்கும் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்.”

“இல்லாதத இருக்குன்னு எழுத எனக்குக் கை வராது.”

“அப்ப சரி.”

நாலு சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. டீச்சர் மட்டும் வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்க் களைத்து, “என் அஞ்சாம் வகுப்புப் பசங்க தேவலை” என்பார். பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கிய அந்த இசைத்தட்டு மருந்துக்கடைக்காரருடைய முறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தது. முறை முடிந்தும் திரும்பி வரவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அத்தான் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் காலி இடத்தைப் பார்த்தபடி இருப்பார். அக்கா சமையலறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டால் ஐந்தாவதற்கு “உம்” என்பார். “இவரு எப்பவும் இப்படித்தான். கல்யாணம் ஆன மறுநாளே காது போச்சு” என்பது அக்காவின் பழைய வேடிக்கை.

என்னிடமும் அவர் பேசுவது குறைந்திருந்தது. “அத்தான், கொஞ்சம் காலை நகத்துங்க” என்றால் நகர்த்தமாட்டார். என் மேல் என்ன கோபம் என்று யோசித்தேன். என் குரல்தான் எழும்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வதுதான் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் யாரும் இல்லை. மேசையைத் துடைக்கும்போது ஹெட்போன் கையில் வந்தது. இவ்வளவு சண்டைக்குக் காரணமான கிட்டார் உண்மையில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. மாட்டிக்கொண்டேன். பாடுகிறவர், டிரம்ஸ், ஒரு கிட்டார் எல்லாம் ஒரு பக்கமாகவே கேட்டன. ஒரு காதில் மட்டும். இன்னொரு காதில், இடது காதில், ஒன்றுமே இல்லை. ஹெட்போன் பழுது என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்து அந்த வெறும் காதில், தனியாக, பக்கத்து அறையில் யாரோ தமக்குத் தாமே வாசித்துக்கொள்வது போல ஒரு கிட்டார் வந்தது. மாற்றி மாட்டிப் பார்த்தேன். அது இந்தக் காதுக்கு வந்தது, மற்றவர்கள் எல்லோரும் அந்தக் காதுக்குப் போய்விட்டார்கள்.

பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சட்டையை உள்வெளி மாற்றிப் பார்த்தால் எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் கலந்து அறை முழுவதும் வரும்; ஹெட்போனில் அப்படியில்லை. என் தையல் மெஷின் இருப்பது அத்தானின் இடது கைப்பக்கம்.

அன்று மாலை அவர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் கத்தரிக்கோலை இரண்டு முறை திறந்து மூடினேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான்.

இதை எப்படிச் சொல்வது? காதை வைத்துச் சோறு தின்கிறவரிடம், உங்கள் காதில் ஒன்று போய்விட்டது என்று? அக்காவிடம் மெல்லச் சொன்னேன். “போடி. இன்னிக்குக் காலையிலதான் நாலடி ஆழத்துல ஒரு கசிவ கண்டுபிடிச்சிட்டு வந்திருக்காரு. அவருக்கா காது கேக்கல?” என்றாள். அதுவும் நிஜம்தான். எனக்கு மறுபடி எல்லாம் குழம்பிவிட்டது. கத்தரிக்கோல் சத்தம் மெல்லியதாக இருந்திருக்குமோ?

அந்த வாரச் சனிக்கிழமை டீச்சர் மருந்துக்கடைக்காரரை எப்படியோ வாசல்வரை இழுத்துவந்துவிட்டார். அவர் செருப்பைக் கழற்றவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே, குனியாமல் நின்றார். அதனால் உள்ளே இருந்த எங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. மோவாய் மட்டும் தெரிந்தது.

“எழுதியாச்சா இல்லையா, அத மட்டும் கேளு டீச்சர்.”

“நான் இங்கதான் இருக்கேன். என்னையே கேக்கலாம்” என்றார் அத்தான்.

“எழுதினியா?”

“இல்ல.”

“அப்ப நான் கெளம்பறேன். தட்ட திங்கக்கிழம குடுத்தனுப்பறேன். நீயே மொத்தமா வச்சுக்க.”

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அந்தத் தட்டை ‘மொத்தமாக’ வைத்துக்கொண்டதில்லை. அத்தானின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. டீச்சர் நடுவில் வந்தார்.

“ஒரே ஒரு தடவ, கடைசியா கேளுங்கண்ணா. கேட்டுட்டும் இல்லன்னு சொன்னா இல்லதான். நான் இவர கூட்டிட்டுப் போயிடறேன். நானும் வரமாட்டேன். மூணு பேரும் அவங்கவங்க வீட்டுல உக்காந்து கேப்போம்.”

அத்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கையை முன்னால் நீட்டினார். ஹெட்போன் என் மெஷின் மேல் இருந்தது. அதன் வயர் இடதுபக்கக் கிண்ணத்திலிருந்து இறங்கும். நான் வயர் வலப்பக்கம் வரும்படி திருப்பி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் அவர் அதைப் பார்க்கவில்லை.

டீச்சர் பாட்டை ஓடவிட்டார்.

“ஓடுதா?” என்றார் அத்தான். ஹெட்போன் போட்டவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

“ஓடுதுண்ணா.”

“ஒண்ணுமே கேக்கலையே.”

“ஓடுதே! பெட்டில நம்பர் ஓடுதே!”

“என்னம்மா சொல்ற, ஒரு சத்தமும் இல்ல…” என்றவர் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. முழங்காலில் ஊன்றியிருந்த கை மெல்ல மேலே எழுந்து அந்தரத்தில் நின்றது.

“வந்துட்டா” என்றார்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“வந்துட்டாடா. என்னமா வாசிக்கறா! ஒவ்வொரு விரலும் தனியா…” அத்தானின் முகம் நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பார்க்காத மாதிரி இருந்தது. பிறகு அதில் ஒரு சுருக்கம் விழுந்தது. “சரி, மத்தவங்கல்லாம் எங்க? பாடறவன் எங்க போனான்? டிரம்ஸ் எங்க?”

அவருடைய இடது கை பழக்கப்படி வயரைத் தேடிக் கழுத்தோரம் போயிற்று. அங்கே வயர் இல்லை. மார்பைத் தடவி வலப்பக்கம் வந்து, தொங்கிக்கொண்டிருந்த வயரைக் கண்டுபிடித்தது. சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஹெட்போனைக் கழற்றி, மாற்றி மாட்டினார். கேட்டார். கழற்றினார். மறுபடி மாற்றி மாட்டினார்.

“என்னய்யா, கடையில தொப்பி பாக்கற மாதிரி மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கற?” என்றார் மருந்துக்கடைக்காரர். கோபமாக இருக்கிறோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

அத்தான் என் பக்கம், இடது காதின் கிண்ணத்தை மட்டும் விலக்கினார்; வலது காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “பாப்பா, நீ வேணும்னுதான் மாத்திக் குடுத்தியா?”

“ஆமா அத்தான்” என்றேன்.

அவர் காத்திருந்தார். “பாப்பா?”

“ஆமா அத்தான்.”

“பாப்பா, உன்னத்தான் கேக்கறேன்.”

என்னால் முடிந்தவரை சத்தமாக மூன்றாவது முறையும் சொன்னேன். சமையலறையிலிருந்து அக்காவே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். அத்தான் அப்போதும் நேராகப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நடந்துவந்து ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அத்தானின் இடப்பக்கம் நின்று, விரல்களைச் சொடுக்கினார். வலப்பக்கம் போய்ச் சொடுக்கினார். இரண்டு சொடுக்குக்கும் அத்தான் வலப்பக்கமே திரும்பினார்.

“எத்தன நாளாடா?”

“தெரியல. கம்பிய எப்பவும் இந்தக் காதுலதான் வைப்பேன். போனும் இதுலதான். இடது காத நான் கேட்டுப் பாக்கவே இல்லையே.”

“தெனம் பத்து பேருக்குக் காது மருந்து எடுத்துக் குடுக்கறேன்” என்றார் மருந்துக்கடைக்காரர். “எதிர்ல உக்காந்து வாராவாரம் மூஞ்சியப் பாத்திருக்கேன்…” சொடுக்கிய கையை இறக்கினார். “திங்கக்கிழம காலையில நான் கூட வர்றேன். பெரிய ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் இருக்கார்.”

அக்கா கையில் கரண்டியோடு நின்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “இத்தன வருஷமா கூப்பிட்டா பேசாம இருப்பாரே, அதுல எது காது, எது கொழுப்பு? அத யாரு இப்ப பிரிச்சுச் சொல்றது?” என்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிக் கேட்டாள். கணக்கு டீச்சராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

“அந்தம்மா அன்னிக்கு வாசிச்சிருக்காங்க” என்றார் அத்தான், தமக்குத் தாமே.

“வாசிச்சாங்க.”

“நல்லா வாசிச்சாங்களா?”

மருந்துக்கடைக்காரர் அவருடைய வலப்பக்கம் குனிந்தார். “அன்னிக்கு நானும் சரியா கேக்கலப்பா. உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

டீச்சர் தம் பையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு மேசையில் வைத்தார். அத்தான் அதைத் தடவிப் பார்த்து, நகர்ந்துவிடாமல் மேலே கண்ணாடியை வைத்தார். உடனே எழுதவில்லை. பாட்டை முதலிலிருந்து வைக்கச் சொன்னார். ஹெட்போனை எடுத்து, வயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் பார்த்து, அந்தக் கிண்ணத்தை வலது காதில் பொருத்திக்கொண்டார். அவருக்கு இனி ஒரு நிமிடம் எதுவும் கேட்காது. இடது காதில் இருந்த மற்றக் கிண்ணத்தை மட்டும் பிரித்து, வளையம் ஒடிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு இழுத்து, வெளிப்பக்கமாகத் திருப்பினார்.

“பாட்டெல்லாம் இங்க இருக்கு. எனக்கு வீண். வா.”

மருந்துக்கடைக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மண்டியிட்டும் அவர் தலை உயரமாகத்தான் இருந்தது. கழுத்தை ஒடித்துச் சாய்க்க வேண்டியிருந்தது. ஆள் எங்கே இருக்கிறார் என்று அத்தானுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தை நீட்டியபடி, ஒரு காது வந்து அதில் படும்வரை, காற்றில் தேடிக்கொண்டிருந்தார்.